பல வருடம் நின்ற புல்லட்டின் பெட்ரோல் டேங்கைச் சுத்தம் செய்வது எப்படி?

டேங்க் மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாசனைக்குப் பதிலாக, பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு புளித்த நெடி வருகிறதா? டார்ச் அடித்தால் அடியில் பழுப்பாக எதுவோ ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் கார்புரேட்டரை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் வண்டி ஓடாது. முதல் வேலை டேங்க்தான்.

நான் செய்தது எண்பதுகளில் திருவொற்றியூரில் தயாரான என்ஃபீல்டு புல்லட் 350. ராஜ்தூத், ஜாவா, எஸ்டி என்று இரும்புத் தகட்டு டேங்க் உள்ள எந்தப் பழைய வண்டிக்கும் இதே முறைதான்.

மெக்கானிக்கிடம் கேட்டால் பாதிப் பேர், "டாய்லெட் ஆசிட்டை ஊத்தி ஆட்டுங்க சார், பத்து நிமிஷ வேலை" என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். துருவோடு நல்ல தகட்டையும் சேர்த்துத் தின்னும். மெலிந்த இடம் ஓட்டையாகும், கழுவிக் காய்வதற்குள் மறுபடி செந்துரு பூக்கும். என் கட்சி சிட்ரிக் ஆசிட். நாட்டு மருந்துக் கடையிலோ பேக்கரி சாமான் கடையிலோ கிலோ கணக்கில் கிடைக்கும்.

வாங்க வேண்டியவை: சிட்ரிக் ஆசிட் 1 கிலோ, சலவை சோடா, ஆப்ப சோடா, அரை லிட்டர் பெயின்ட் தின்னர், கொஞ்சம் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயில்), பெட்ரோல் டேப்புக்கு (டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்) புது வாஷர். ரப்பர் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

கழற்றுவது

டேங்கை வண்டியிலிருந்து இறக்குவது போல்ட் சமாச்சாரம், அதை விளக்கவில்லை. ஒன்று மட்டும்: நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. உள்ளே பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து போகும். மொட்டை மாடியோ திறந்த முற்றமோதான் சரி. பக்கத்தில் அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் கூடாது. வடித்த பழைய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

பெட்ரோல் டேப்பைக் கழற்றித் தனியாக வையுங்கள். அதை ஆசிட்டில் போட வேண்டாம். அதன் மேலே நிற்கும் குழாயையும் வலையையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

டேப் ஓட்டையை அடைப்பது

என் நேரத்தை அதிகம் தின்றது இந்த இடம்தான். பாட்டில் கார்க் குளிர்ந்த தண்ணீருக்கு நிற்கும். சுடுதண்ணீரும் ஆசிட்டும் சேர்ந்தால் கசியும். ஒரு ராத்திரி முழுக்கச் சொட்டினால் டேங்க் பெயின்ட் என்னாகும்? புல்லட் டேங்கின் தங்கக் கோடு கையால் இழுத்தது. அது போனால் அதே கை கிடைக்காது.

டேப்பையே கையில் எடுத்துக்கொண்டு பிளம்பிங் சாமான் கடைக்குப் போங்கள். அதே மரை உள்ள பிளக் வாங்கி, பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வாஷராகப் போட்டு இறுக்குங்கள். டேப் இரண்டு ஸ்குரூவில் மாட்டுகிற வகையாக இருந்தால், டியூப் துண்டின் மேல் ஒரு தகட்டை வைத்து அதே ஸ்குரூவால் முடுக்கலாம். எதுவானாலும் முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். டேங்கின் இரண்டு பக்கத்தையும் அடியில் இணைக்கும் டியூப் இருந்தால் அந்த வாய்களையும் அடைக்க வேண்டும். மூடி வாயைச் சுற்றிப் பெயின்ட் மேல் வாஸ்லின் தடவி, பிளாஸ்டிக் கவர் சுற்றிவிடுங்கள்.

முதலில் பிசின், அப்புறம்தான் துரு

சிட்ரிக் ஆசிட் ஊற்றியும் ஒன்றும் ஆகவில்லை என்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள். நின்றுபோன பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிவிடும், மீதி பிசினாகத் தகட்டில் படியும். துரு அந்தப் பிசினுக்கு அடியில் பத்திரமாக இருக்கும். ஆசிட் பிசினைத் தொடாது.

தின்னரை ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டி வடியுங்கள். வெளியே ஒரு துளி பட்டாலும் பெயின்ட் உரியும், கவனம். பிறகு சுடுதண்ணீரில் இரண்டு கைப்பிடி சலவை சோடா கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு அலசுங்கள். இப்போது டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் தகட்டில் முத்து முத்தாக நின்றால் இன்னும் பிசுக்கு இருக்கிறது, மறுபடி சோடா. படலமாக விரிந்து வழிந்தால் தகடு ஆசிட்டுக்குத் தயார்.

செதில் செதிலாகத் துரு இருந்தால் இந்தக் கட்டத்தில் ஒரு பழைய சைக்கிள் செயினை, எண்ணெய் போகக் கழுவி, கம்பியில் கட்டி உள்ளே விட்டுக் குலுக்கலாம். நட்டு, ஜல்லி போடச் சொல்பவர்கள் உண்டு. போட்டதெல்லாம் திரும்ப வரும் என்று யார் உத்தரவாதம் தருவது? செயின் ஒரே துண்டாக வந்துவிடும்.

ஆசிட் குளியல்

லிட்டருக்கு 60 முதல் 80 கிராம். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர். வாளியில் கரைத்துவிட்டு ஊற்றுங்கள், கழுத்து வரை ததும்ப வேண்டும். பாதி ஊற்றினால் மேல் பாதித் துரு அப்படியே இருக்கும். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு உண்டாகும். 12 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தகடு சாம்பல் நிறமாகியிருந்தால் போதும், இல்லையென்றால் ஒரு நாள் வரை விடலாம். அதற்கு மேல் ஊறினால் நல்ல தகடும் கரையும்.

வடித்த கையோடு தண்ணீர், அதில் 100 கிராம் ஆப்ப சோடா. நுரைத்து அடங்கியதும் இரண்டு முறை அலசுங்கள். இதற்கு நடுவே டீ குடிக்கப் போகாதீர்கள்! ஈரமான வெறும் இரும்பு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே செந்நிறமாகும். பெட்ரோல், தின்னர் நெடி துளிகூட இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஹேர் டிரையரை வாயில் பிடியுங்கள். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊரில் வெயிலை மட்டும் நம்ப முடியாது, காற்றிலேயே ஈரம்.

காய்ந்து டேங்க் ஆறியதும் ஒரு லிட்டர் பெட்ரோலில் ஒரு கரண்டி 2டி ஆயில் கலந்து ஊற்றி, எல்லா மூலையும் நனைய உருட்டி வடியுங்கள். டேப்பை மாட்டி, டேங்கைப் பெட்ரோலால் நிரப்பிவிடுங்கள். கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் டியூபில், உள்ளே தெரிகிற மாதிரி ஒரு ஃபில்டர் போடுங்கள். முதல் சில நாள் அதில் தூசி சேர்வது சகஜம்.

பின்சேர்க்கை, வந்த கேள்விகளுக்காக

சுத்தம் செய்த பிறகு டேங்க் ஒழுகுகிறதா? ஓட்டை முன்பே இருந்தது, துருதான் அடைத்துக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் பட்டறையில் பற்றவைக்கலாம், ஆனால் பெட்ரோல் இருந்த டேங்க் என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

உள்ளே எபாக்ஸி லைனர் (தகட்டை மூடும் பிசின் பூச்சு) பூசலாமா? ஓட்டை இல்லாத டேங்குக்கு நான் பூச மாட்டேன். 2023 பிப்ரவரியில் இ20 விற்பனை தொடங்கி, இப்போது பெட்ரோல் பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான். பழைய லைனர்கள் சில எத்தனாலில் இளகி உரிந்து டேப்பை அடைக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், அதனால் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை வடித்து ஆயில் பூசி வைப்பது உத்தமம்.

எல்லாம் செய்தும் சில கிலோமீட்டரில் வண்டி நின்று, கொஞ்சம் பொறுத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியில் உள்ள காற்றுத்துளை அடைத்திருக்கிறது. மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் சரியாகும்.