மடிநோய் கண்ட மாட்டின் பாலை ஆய்வுக்கு எடுப்பது எப்படி?

காங்கயம் மாடும் கலப்பின ஜெர்சியும் ஒரே கட்டுத்தரையில் நிற்கும் கொங்கு நாட்டுப் பண்ணையங்களில், மடி வீங்கியவுடன் ஊசி போட்டுவிட்டு, குணமாகாத பிறகே பாலை ஆய்வகத்துக்கு அனுப்ப நினைப்பவர்கள் பலர் உண்டு. இந்த வரிசையை மாற்றியாக வேண்டும். எதிருயிரி (ஆன்டிபயாடிக்) மருந்து செலுத்திய பின் எடுத்த பாலில் கிருமி இருந்தாலும் ஆய்வகத்தில் வளராமல் போகலாம் என்பதால், முதல் ஊசிக்கு முன்பே மாதிரி எடுப்பது அவசியம்.

மடிநோய்க்குக் காரணமான பாக்டீரியாக்கள் ஒரே வகையல்ல. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே ஆகியவை பெரும்பாலும் கறப்பவரின் கை, மடி துடைக்கும் துணி, கறவை எந்திரம் ஆகியவற்றின் வழியே நோயுற்ற மாட்டிலிருந்து மற்ற மாட்டுக்குப் பரவுகின்றன, ஈ.கோலையோ சாணத்திலிருந்தும் ஈரத் தரையிலிருந்தும் காம்புத் துளை வழியாக ஏறுகிறது. மாதிரி எடுப்பதில் உள்ள முழுச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது: காம்பின் தோலில் ஒட்டிய சாணத்திலும் அதே ஈ.கோலை இருப்பதால், அது குப்பிக்குள் விழுந்துவிட்டால் நோய் எதனால் வந்தது என்று எந்த வல்லுநராலும் சொல்ல இயலாது.

நுண்ணுயிர் நீக்கிய குப்பியைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள். வெறும் கொதிநீரில் சில பாக்டீரியாக்களின் வித்துகள் (வெப்பத்தைத் தாங்கும் உறக்க வடிவங்கள்) சாவதில்லை. ஆய்வகங்களில் 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் 15 நிமிடம் வைப்பது அதனால்தான்.

கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, மடியைச் சுத்தம் செய்து நன்றாக உலர விடுங்கள். முதல் மூன்று, நான்கு பீச்சுப் பாலைத் தனிப் பாத்திரத்தில் கறந்து அகற்றிய பின், 70 விழுக்காடு ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் காம்பின் நுனியை, பஞ்சில் அழுக்கு ஏறுவது நிற்கும் வரை, காம்புக்குக் காம்பு புதுப் பஞ்சால் துடைத்து உலர விட வேண்டும். துடைக்கும்போது தொலைவில் உள்ள காம்புகளில் தொடங்கி அருகில் உள்ளவற்றுக்கு வாருங்கள். பால் எடுக்கும்போது அருகில் உள்ளவற்றை முதலில் எடுங்கள். இப்படிச் செய்தால் சுத்தம் செய்த காம்பின் மீது கை உரசாது. குப்பியைச் சாய்த்துப் பிடித்து, அதன் வாயில் காம்பு படாமல், 3 முதல் 5 மில்லி வரை கறந்தால் போதும். மூடியின் உட்புறத்தைத் தொடாதீர்கள், தரையிலும் வைக்காதீர்கள். மாட்டின் அடையாளம், எந்தக் காம்பு, தேதி ஆகியவற்றைக் குப்பியிலேயே எழுதுங்கள்.

உடனே பனிக்கட்டிப் பெட்டியில் வைப்பது மிக முக்கியம். உகந்த வெப்பத்தில் ஈ.கோலை சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது. அந்த வேகத்தில் ஒரே ஒரு செல் 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். சித்திரை வெயிலில் பெருந்துறையிலிருந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் பேருந்தில் வெறுமனே கொண்டுபோன பால் எதையும் சரியாகக் காட்டாது. 4 டிகிரியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் மருத்துவரின் கடிதத்துடன் சேர்த்துவிடுங்கள்.

ஆய்வகத்தில் பாலை இரத்த அகார் தட்டில் (இரத்தம் கலந்த, கிருமி வளர்க்கும் கூழ் உள்ள தட்டு) பூசி, 37 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம் வளர்த்து, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறது என்றும் பார்ப்பார்கள். ஒரே மாதிரியிலிருந்து மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கிருமி வகைகள் தட்டில் வளர்ந்தால் மாதிரி மாசுபட்டதாகக் கொண்டு மீண்டும் எடுக்க வேண்டும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாலில் விட்டுவிட்டே வெளியேறுவதால், ஒருமுறை வளரவில்லை என்பதை மட்டும் வைத்து அது இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். முடிவு வரும்வரை அந்த மாட்டைக் கடைசியாகக் கறந்து, அதன் பாலைத் தனியே அகற்றுங்கள்.