லினக்ஸில் பென் டிரைவை மவுண்ட் செய்வதும் பத்திரமாகக் கழற்றுவதும்

விண்டோஸில் பென் டிரைவைச் செருகினால் ஈ, எஃப் என்று புது எழுத்தோடு ஒரு டிரைவ் வந்து நிற்கும். லினக்ஸில் அப்படி எழுத்துகள் கிடையாது. எல்லாக் கோப்புகளும் '/' என்ற ஒரே வேரிலிருந்து கிளைக்கும் மரத்துக்குள்தான் இருக்கும். புதிய வட்டை அந்த மரத்தில் ஒரு ஃபோல்டரோடு இணைப்பதுதான் மவுண்ட். உபுண்டு டெஸ்க்டாப் இதைத் தானே செய்துவிடும். சர்வரில் பெரும்பாலும் நாமேதான் செய்ய வேண்டும்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரத்தில்) ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடியுங்கள்.

1. வட்டின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

செருகுவதற்கு முன்பு ஒரு முறை, பின்பு ஒரு முறை 'எல்எஸ்பிஎல்கே' அடியுங்கள். புதிதாக வந்த பெயர்தான் உங்கள் பென் டிரைவ். 'எஸ்டிபி' என்று வந்தால் அது முழு வட்டு. 'எஸ்டிபி1' அதிலுள்ள பார்ட்டிஷன், அதாவது வட்டின் ஒரு பகுதி. வழக்கமாக மவுண்ட் செய்ய வேண்டியது பார்ட்டிஷனைத்தான். கொள்ளளவையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

2. ஒரு காலி ஃபோல்டர்

'சூடோ எம்கேடிர் /எம்என்டி/பென்'

'சூடோ' என்றால் கட்டளையை நிர்வாகி உரிமையோடு இயக்கு என்று பொருள். ஏற்கெனவே கோப்புகள் உள்ள ஃபோல்டரில் மவுண்ட் செய்தால் அவை அழியாது, ஆனால் கழற்றும்வரை கண்ணில் படாது.

3. இணையுங்கள்

'சூடோ மவுண்ட் /டெவ்/எஸ்டிபி1 /எம்என்டி/பென்'

திரையில் ஒன்றும் வரவில்லையா? சரி, வேலை முடிந்தது என்று அர்த்தம். 'ஃபைண்ட்எம்என்டி' அடித்து உறுதிசெய்யலாம். ஃபேட்32 என்ற கோப்பு முறைமை உள்ள பென் டிரைவ் இப்படி இணையும்போது கோப்புகள் எல்லாம் ரூட் (நிர்வாகி) பெயரில் இருக்கும், நம்மால் எழுத முடியாது. அப்போது கழற்றிவிட்டு, 'மவுண்ட்' என்ற சொல்லுக்குப் பின் '-ஓ யூஐடி=1000' சேர்த்து மறுபடி இணையுங்கள். 1000 என்பது பயனர் எண், உங்களுடையது வேறாக இருக்கலாம். 'ஐடி -யூ' அடித்தால் தெரியும்.

4. கழற்றுங்கள்

தொடங்குபவர்கள் இந்தப் படியைத்தான் தாண்டிப் போகிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள். காப்பி முடிந்ததாகத் திரை சொன்னாலும் தரவின் ஒரு பகுதி இன்னும் ரேமில் காத்திருக்கும். வேகத்துக்காக லினக்ஸ் அதைச் சற்றுத் தாமதித்துத்தான் வட்டில் எழுதும். அந்த நேரத்தில் பிடுங்கினால் கோப்பு பாதியில் நிற்கும், சில சமயம் கோப்பு முறைமையே சிதையும்.

'சூடோ யூமவுண்ட் /எம்என்டி/பென்'

கட்டளையில் 'யூ' எழுத்துக்குப் பின் 'என்' வராது. பெரிய கோப்பு எழுதியிருந்தால் கொஞ்சம் நேரம் எடுக்கும். மீதமுள்ளதை எழுதுகிறது என்று பொருள். பிராம்ப்ட் (அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் வரி) திரும்பிய பிறகு வட்டை எடுங்கள்.

'டார்கெட் இஸ் பிஸி' என்று வந்தால் ஏதோ ஒன்று அந்த ஃபோல்டரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அது உங்கள் டெர்மினலே: அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டே கழற்றப் பார்த்திருப்பீர்கள். 'சிடி' அடித்து வெளியே வாருங்கள். அப்புறமும் வந்தால் 'சூடோ எல்எஸ்ஓஎஃப் /எம்என்டி/பென்' எந்த நிரல் என்று காட்டும், அதை மூடுங்கள். 'யூமவுண்ட்' கட்டளையோடு '-எல்' சேர்த்தால் உடனே கழன்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது மரத்திலிருந்து பெயரை மட்டும் எடுக்கும். திறந்திருக்கும் கோப்பில் எழுதுவது பின்னால் தொடரலாம். பென் டிரைவைக் கையில் எடுக்கப் போகிறீர்கள் என்றால் அந்த வழி வேண்டாம்.