மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவே நின்று மொழிபெயர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் தமிழ் முதியவர்களோடு துணைக்குப் போகும் இளம் தொண்டூழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். ஆங்கிலம் அவர்களுக்கு நன்றாகவே வருகிறது. நோயைப் பற்றிப் பெரியவர்கள் பேசும் தமிழ்தான் பிடிபடுவதில்லை. உறுப்பின் பெயர் தெரியாமல் தடுமாறுவது, மாத்திரையின் பெயரைத் தப்பாக உச்சரிப்பது போன்றவற்றை நான் பெரிதுபடுத்துவதில்லை. அங்கேயே யாராவது திருத்திவிடுவார்கள். தவறு என்று யாருக்குமே தெரியாமல் கோப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் சொற்கள்தாம் என் கவலை. நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்தவற்றையே புதிதாக வருகிறவர்களும் அப்படியே செய்கிறார்கள்.

"ஒத்துக்கொள்ளாது" என்றதுமே "அலர்ஜி" என்று சொல்லிவிடுவது

இதைக் கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மருந்து ஒவ்வாமை உண்டா என்பது எந்த மருந்தகத்திலும் முதலில் வரும் கேள்விகளில் ஒன்று. தொண்டூழியர் பாட்டியின் பக்கம் திரும்பி, "ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா பாட்டி?" என்று கேட்பார். கேள்வியிலேயே கோளாறு தொடங்கிவிடுகிறது. நம் வீடுகளில் கத்தரிக்காயும் ஒத்துக்கொள்ளாது, குளிர்ந்த நீரும் ஒத்துக்கொள்ளாது, ஊர்த் தண்ணீரும் ஒத்துக்கொள்ளாது. வயிற்றைக் கலக்கினாலும் தலை கனத்தாலும் உடம்பெல்லாம் தடித்தாலும் அதே சொல்தான்.

சென்ற ஆண்டு என் கண்ணெதிரே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். "சளிக்கு ஒரு பெரிய வெள்ளை மாத்திரை கொடுத்தார்களே, அது எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்றார் ஒரு பாட்டி. உடன் வந்த மாணவி உடனே தாதியிடம், ஆன்டிபயாட்டிக் என்றால் இவருக்கு அலர்ஜி என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். தாதி தட்டச்சு செய்யத் தொடங்கினார். ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, பாட்டியிடம் நானே கேட்டேன். உடம்பில் தடிப்பு வந்ததா? உதடோ கண்ணிமையோ வீங்கியதா? மூச்சு வாங்கியதா?

"அதெல்லாம் ஒன்றும் இல்லையம்மா. வயிற்றால் போனது. மாத்திரை தீர்ந்ததும் நின்றுவிட்டது."

மகளைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தோம். மருந்து ஆக்மென்டின், பென்சிலின் வகை ஆன்டிபயாட்டிக். வயிற்றுப்போக்கு அந்த மருந்துக்கு மிகச் சாதாரணமான பக்கவிளைவு. மருத்துவரும் அப்படித்தான் பதிவு செய்தார்.

நான் தடுக்காமல் இருந்திருந்தால்? சிங்கப்பூரில் 2011 முதல் தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவுமுறை இருக்கிறது. ஓரிடத்தில் ஏறும் ஒவ்வாமைக் குறிப்பு மற்ற மருத்துவமனைகளின் திரைகளிலும் தெரிவதற்காகவே உள்ள ஏற்பாடு அது. நாளை அந்தப் பாட்டி நிமோனியாவோடு நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குப் போனால், பணியிலிருக்கும் மருத்துவர் திரையைப் பார்த்து பென்சிலின் குடும்பத்தையே ஒதுக்கிவிடுவார். வேறு மருந்தைத் தேட வேண்டும். அது பெரும்பாலும் தேவைக்கு மேல் பல வகைக் கிருமிகளைத் தாக்குவதாகவும் விலை கூடியதாகவும் இருக்கும். ஏறிய குறிப்பை நீக்குவதும் எளிதன்று. ஒவ்வாமை நிபுணரைப் பார்க்க வேண்டும், தோல் பரிசோதனை செய்ய வேண்டும், தேவைப்பட்டால் மேற்பார்வையில் மருந்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். எழுபது வயதுக்கு மேல் இதற்கெல்லாம் யார் அலைவார்கள்?

அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாடு, தடுப்பு நிலையங்கள் தரும் கணக்குப்படி, அங்குள்ள நோயாளிகளில் ஏறக்குறைய 10 விழுக்காட்டினர் தங்களுக்கு பென்சிலின் ஒவ்வாமை இருப்பதாகச் சொல்கிறார்கள். மொத்த மக்கள்தொகையில் உண்மையாகவே ஒவ்வாமை உள்ளவர்கள் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. வெறும் ஆங்கிலத்திலேயே இவ்வளவு குழப்பம் என்றால், நடுவில் இன்னொரு மொழி வரும்போது எவ்வளவு கவனம் வேண்டும்!

இதே தவறு தலைகீழாகவும் நடக்கிறது. அதுதான் இன்னும் ஆபத்து. "வலி மாத்திரை எனக்குச் சூடு. போட்டால் கண்ணெல்லாம் வீங்கிவிடும்" என்று ஒருவர் சொல்ல, தொண்டூழியர் "ஹீட்டி" என்று முடித்துக்கொள்கிறார். இந்த ஊரில் சீனப் பாட்டியும் மலாய்ப் பாட்டியும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதால் எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் போன்ற வலி நிவாரணிகளால் இமை வீங்குவது கட்டாயம் பதிவாக வேண்டிய செய்தி. அடுத்த முறை தொண்டையும் சேர்ந்து வீங்கலாம்.

மருந்து சாப்பிட்ட பிறகு "அம்மை போட்டதுபோல் உடம்பெல்லாம் கொப்புளம், வாயெல்லாம் புண், தோல் உரிந்தது" என்று யாராவது சொன்னால், ஒரு சொல்லையும் விடாமல் மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமஸெபினும் யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோபியூரினாலும் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான தோல் பாதிப்பைக் கொண்டுவரக் கூடியவை. கார்பமஸெபின் தொடங்குமுன் ஆசிய வம்சாவளியினருக்கு மரபணுப் பரிசோதனை செய்வது இங்கே 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஆகவே "அலர்ஜி" என்ற சொல்லை நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். எந்த மருந்து, எதற்காகச் சாப்பிட்டார், சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் தொடங்கியது, உடம்பில் என்ன தெரிந்தது, எப்படி அடங்கியது என்பதைச் சொன்னால் போதும். இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் சாப்பிட்டு வறட்டு இருமல் வந்தவரும் இதே "ஒத்துக்கொள்ளாது" என்றுதான் சொல்வார். நடந்ததைச் சொன்னால் அது பக்கவிளைவு என்று மருத்துவருக்கு உடனே விளங்கிவிடும்.

"மயக்கம்" என்றால் எந்த மயக்கம்?

தலை சுற்றுவதும் மயக்கம், கண் இருட்டுவதும் மயக்கம், நினைவு தப்பி விழுவதும் மயக்கம். பசி மயக்கம் வேறு இருக்கிறது. சிங்கப்பூர் மருத்துவர்கள் தலைசுற்றலை "கிட்டி" என்பார்கள். நினைவு தப்பினால் "ஃபெயின்டட்" அல்லது "பிளாக் அவுட்". முதலாவதற்குக் காதையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கலாம். இரண்டாவதற்கு இதயத் துடிப்பை ஈசிஜி எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். நான் எப்போதும் கேட்பது இதைத்தான்: "விழுந்தது உங்களுக்கு நினைவிருக்கிறதா? அறை சுற்றியதா, கண் இருட்டியதா?"

"இழுப்பு"

சிலருக்கு அது மூச்சிரைப்பு, சிலருக்கு அது வலிப்பு. கேட்காமல் மொழிபெயர்க்காதீர்கள்.

"வாதம்" எல்லாம் ஸ்ட்ரோக் இல்லை

பக்கவாதம் மட்டும்தான் ஸ்ட்ரோக். முடக்குவாதம் மூட்டு நோய், இளம்பிள்ளை வாதம் போலியோ. "எனக்கு வாதம் உண்டு" என்று முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்ன ஒருவரின் படிவத்தில் ஸ்ட்ரோக் என்று எழுதியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"ஹார்ட் ஃபெயிலியர்" என்பதை "இதயம் நின்றுவிட்டது" என்று சொல்வது

வீட்டுக்காரர்கள் அழுதுவிடுகிறார்கள். இதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உடம்புக்குத் தேவையான அளவு இரத்தத்தை இறைக்க அதற்கு வலுப் போதவில்லை. அதனால் கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. இதை விளக்கினால்தான் தினமும் எடை பார்க்கவும், நீரையும் உப்பையும் குறைக்கவும் சொல்வதன் காரணம் அவர்களுக்குப் புரியும். "இதய பலவீனம்" என்று தொடங்கி மேலே விளக்குவது என் வழக்கம்.

ஹார்ட் அட்டாக் என்பது இதயத் தசைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபடுவது. துடிப்பே நின்றுபோவது கார்டியாக் அரெஸ்ட். அதற்கு உடனே 995ஐ அழைத்து மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். மூன்றையும் "மாரடைப்பு" என்று ஒன்றாக்கிவிடாதீர்கள்.

"கேஸ்ட்ரிக்"

நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு "கேஸ்ட்ரிக்" என்பவர் உண்மையில் மாரடைப்போடு வந்திருக்கலாம். முதலில் கை எங்கே போகிறது என்று பாருங்கள், அந்த இடத்தைச் சொல்லுங்கள்.

"கிரானிக்" என்றால் கடுமையானது என்று நினைப்பது

நாட்பட்டது. அவ்வளவுதான்.

உடற்குறையைச் சொல்லும்போது பழைய சொற்களை எடுப்பது

பெரியவர்கள் பேசும் தமிழ் இதில் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். பழக்கத்தில் வரும் பேச்சு அது, அவர்களைத் திருத்த அந்த அறை இடமில்லை. உங்கள் ஆங்கிலம் சரியாக இருந்தால் போதும். "டெஃப் அண்ட் டம்" வேண்டாம், "டெஃப்" போதும். "ஹேண்டிகேப்டு" வேண்டாம். "ரிட்டார்டட்" கூடவே கூடாது. 1962இல் அந்தச் சொல்லைத் தன் பெயரிலேயே வைத்துத் தொடங்கிய சங்கம் 1985இல் பெயரை மாற்றிக்கொண்டது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்காக இயங்கும் அதைத்தான் இன்று நாம் மைண்ட்ஸ் என்று அழைக்கிறோம்.

மரியாதைக்கு அப்பாற்பட்ட காரணமும் உண்டு. "பையனுக்கு மூளை சரியில்லை" என்று ஒரு தந்தை சொல்ல, தொண்டூழியர் அதை மனநோய் என்று ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். பையனுக்கு இருந்தது ஆட்டிசம். மனநோய், அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம் மூன்றுக்கும் உதவி கிடைக்கும் இடங்கள் வேறு, படிவங்கள் வேறு. தவறான சொல்லோடு போனால் தவறான வரிசையில் நிற்க வேண்டிவரும். இப்படிப்பட்ட குடும்பங்களில் பள்ளியோ மருத்துவமனையோ கொடுத்த கடிதம் ஒன்று அநேகமாக இருக்கும். அதை வாங்கிப் பார்த்து, அதில் எழுதியிருப்பதையே சொல்லுங்கள். கடிதம் இல்லையென்றால் பையன் என்ன செய்கிறான், எது அவனுக்கு முடியவில்லை என்பதைத் தந்தையிடமே கேட்டு, அதை மட்டும் மொழிபெயருங்கள்.