அரிசிச் சமையலிலும் கோதுமை ஒளிந்திருக்கும்: சீலியாக் குழந்தை உள்ள வீடு உணவை மாற்றும் முறை

"நாம என்ன மூணு வேளையும் சப்பாத்தியா சாப்பிடுறோம்? இட்லி, தோசை, சோறுதானே!" குழந்தைக்குச் சீலியாக் நோய், இனி கோதுமையே கூடாது என்று டாக்டர் சொன்னதும் தமிழ் வீடுகளில் முதலில் எழும் பேச்சு இது. பாதி உண்மைதான். சப்பாத்தியை நிறுத்துவது சுலபம். சாம்பாரில் விழும் ஒரு சிட்டிகை பெருங்காயத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை, அங்கேதான் தவறுகிறது.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம், இந்த நோய் உள்ளவர்களின் உடலை அதன் சிறுகுடலுக்கு எதிராகவே திருப்பிவிடுகிறது. குடலின் உள்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சும் நுண்ணிய மடிப்புகள் மழுங்கிப்போகின்றன. ரத்தசோகை, வயிறு உப்பல், பேதி, வளர்ச்சி நின்றுபோவது எல்லாம் அதன் விளைவு. மருந்து கிடையாது. குளூட்டனை வாழ்நாள் முழுக்க விலக்கினால் குடல் தானாக ஆறும். ரையைச் சிலர் கம்பு என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். ரை வேறு, நம் கம்பு வேறு. கம்பைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

சோதனை முடியும் முன் கோதுமையை நிறுத்தாதீர்கள். டிடிஜி-ஐஜிஏ ரத்தப் பரிசோதனையும் (இந்த நோயில் ரத்தத்தில் ஏறும் ஐஜிஏ வகை எதிர்ப்புப்பொருளை அளப்பது), கூடவே மொத்த ஐஜிஏ அளவும், தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி வழியாகக் குடல் சதைத் துணுக்குச் சோதனையும், குழந்தை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நடக்க வேண்டும். முன்கூட்டி நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். அண்ணன், தங்கை, பெற்றோருக்கும் அறிகுறி இல்லாவிட்டாலும் சோதனை தேவை. நெருங்கிய ரத்த உறவில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்க வாய்ப்புண்டு. வீடு முழுவதும் கோதுமையை நிறுத்தப் போகிறீர்கள் என்றால், அவர்களுக்கும் ரத்தம் எடுத்த பிறகே நிறுத்துங்கள். அவசரத்தில் பலரும் தவறவிடுவது இது.

குழந்தைக்கு மட்டும் தனிச் சமையலா, வீட்டுக்கே ஒரே சமையலா? ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் வீட்டுக்கே ஒன்று என்பதுதான் எங்கள் கட்சி. ஒரு துண்டு ரொட்டியில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. தினம் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் சேதமாவது ஆய்வில் தெரிந்திருக்கிறது. அதாவது அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு. தம்பி சிந்திய பிஸ்கட் தூளைத் தரையிலிருந்து பொறுக்கி வாயில் போடும் வயதில் இதைக் காவல் காக்க முடியாது. பெரியவர்கள் சப்பாத்தி, பரோட்டாவை வெளியே வைத்துக்கொள்ளட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியைக் காலி செய்யுங்கள். ஆட்டா, மைதா, ரவை, சம்பா ரவை, சேமியா, பிரெட், ரஸ்க், நூடுல்ஸ், சோயா சாஸ் வெளியே போக வேண்டும். ஹார்லிக்ஸ், பூஸ்ட் வகையறாவும் போக வேண்டும், அவற்றில் பார்லி மால்ட் இருக்கிறது. சத்துமாவுப் பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள். அங்கன்வாடியில் தரும் சத்துமாவிலும் கோதுமை உண்டு. ஓட்ஸ் தன்னளவில் வேறு தானியம் என்றாலும் கோதுமையோடு கலந்தே வருவதால், டாக்டர் சொல்லும்வரை வேண்டாம்.

அடுத்தது பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பகுதி மைதா அல்லது கோதுமை மாவு; பிசின் கொஞ்சம்தான். தூளானாலும் கட்டியானாலும் இதே கதை. அரிசி மாவு சேர்த்தது என்று தெளிவாக அச்சிட்டிருந்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் பெருங்காயமே இல்லாமல் பூண்டு, சீரகம், இஞ்சி வைத்துச் சமாளியுங்கள். ஊறுகாய், கடைச் சாம்பார்பொடி, ரசப்பொடி, பருப்புப்பொடி, அப்பளம் எல்லாவற்றிலும் பெருங்காயம் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

மாவு மில் அடுத்த பொறி. உங்களுக்கு முன்னால் ஒருவர் ஐந்து கிலோ கோதுமை அரைத்திருப்பார், அந்த மிச்சம் உங்கள் கேழ்வரகில் இறங்கும். "காலையில முதல்ல அரைச்சுத் தர்றோம்" என்றாலும் நம்ப வேண்டாம், நேற்றைய மாவு உள்ளேயே ஒட்டியிருக்கும். பச்சரிசியைக் கழுவி, இரண்டு மணி நேரம் ஊறவைத்து, துணியில் உலர்த்தி, லேசான ஈரத்தோடு மிக்ஸியில் அரைத்துச் சலித்து, வறுத்துக்கொள்ளுங்கள். சல்லடை புதிதாக இருக்க வேண்டும். பழைய கம்பிவலையில் ஒட்டிய மைதா கழுவினாலும் போகவே போகாது. சப்பாத்திப் பலகை, உருளை, மரக்கரண்டி இவற்றை மாற்றிவிடுங்கள். இரும்புத் தோசைக்கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி, மறுபடி எண்ணெய் ஏற்றிப் பழக்கினால் போதும். இட்லித்தட்டுக்கும் எவர்சில்வர் பாத்திரத்துக்கும் சோப்பே போதும். அல்வாவுக்குக் கோதுமைப்பால் எடுத்த கிரைண்டர் என்றால் கல்லைக் கழற்றி இடுக்குகளைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் குழந்தை அழுவது பெரும்பாலும் பிஸ்கட்டுக்கும் சப்பாத்திக்கும்தான். அரிசி ரொட்டிக்கு ஒரு கப் வறுத்த மாவு, ஒன்றே கால் கப் தண்ணீர், உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மாவைக் கொட்டிக் கிளறி, மூடிப் பத்து நிமிடம் விட்டு, சூட்டோடு பிசையுங்கள். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் விண்டுபோகும், ஏனென்றால் இழுவை தருவதே குளூட்டன்தான். வாரத்தில் இரண்டு நாள் அடை: இட்லி அரிசி ஒரு கப், கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் அரை அரை கப், உளுந்து இரண்டு ஸ்பூன். தின்பண்டத்துக்குப் பொரிகடலை உருண்டை, எள்ளுருண்டை, வீட்டு முறுக்கு, வேர்க்கடலை, பழம்.

வெறும் வெள்ளைச் சோற்றில் நின்றுவிட்டால் மலச்சிக்கலும் இரும்புச்சத்துக் குறைவும் வரும். தினம் ஒருவேளையாவது கேழ்வரகு, கம்பு, சாமை என்று ஏதாவது ஒன்று இருக்கட்டும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். புண்பட்ட குடலுக்குப் பால் சில வாரம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்போது தயிர் கொடுத்துப் பாருங்கள். ஆனால் "குடல் ஆறணும்" என்று பால், முட்டை, பருப்பு, சர்க்கரை என ஒவ்வொன்றாக நீங்களே வெட்டிக்கொண்டே போகாதீர்கள். இளைத்த குழந்தை இன்னும் இளைக்கும். இரும்பு, வைட்டமின் டி மருந்தளவை டாக்டர் தீர்மானிக்கட்டும். மாதம் ஒருமுறை எடையும் உயரமும் குறித்து வையுங்கள்.

வெளியே போகும்போது பெரிய எதிரி பாசம். "ஒரு வாய்தானே, புள்ள ஏங்கிப் பாக்குது" என்று பாட்டி கொடுக்கும் கேசரிதான் பல வீடுகளில் இரண்டு மாத உழைப்பைக் கெடுக்கிறது. பாட்டியிடம் "கொடுக்காதீங்க" என்று மட்டும் சொன்னால் வேலைக்காகாது. என்ன கொடுக்கலாம் என்று ஒரு டப்பா நிறைய அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பள்ளியில் ஆசிரியரிடமும் அப்படியே. காலை உணவுத் திட்டத்தில் ரவை, சேமியா, கோதுமை ரவை மாறி மாறி வரும் என்பதால் டிபன் வீட்டிலிருந்தே போகட்டும். ஹோட்டலில் ரவாதோசை வார்த்த கல்லில் சாதா தோசை வரும். பரோட்டாக் கல் என்றால் கேட்கவே வேண்டாம். இட்லி தேவலை, சாம்பாரில் பெருங்காயம் இருப்பதால் தேங்காய்ச் சட்னி மட்டும் போதும். பஜ்ஜி எண்ணெயில் சமோசாவும் பொரிந்திருக்கும்.

பொட்டலத்தில் "கோதுமை இல்லை" என்றிருந்தால் ஏமாறாதீர்கள், பார்லி இருக்கலாம். "குளூட்டன் இல்லாதது" என்றே அச்சிட்டிருக்க வேண்டும். இந்தியாவில் அப்படி அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

சில வாரங்களில் பசியும் முகக்களையும் திரும்பும். ரத்தத்தில் டிடிஜி இறங்க மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும். ஆறாவது மாதம் பாருங்கள். இறங்காமல் நின்றால் ஒரு வாரம் வாயில் போன அத்தனையும் எழுதுங்கள். சிரப், மாத்திரை, கோயில் புளியோதரை, மைதாவில் செய்த விளையாட்டுக் களிமண், பக்கத்து வீட்டு முறுக்கு, எதையும் விடாதீர்கள். அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள்.