அட்டைத் தறியில் கோர்வை: ஏழாம் வகுப்புக்கு ஒரு பாடம்

ஓவிய வகுப்பில் நெசவு என்றாலே வண்ணத்தாளைக் கீறிப் பாய் முடையச் சொல்வதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். காஞ்சிபுரத்தில் பாடம் நடத்தும் எனக்கு அது போதவில்லை. பிள்ளையார்பாளையத்தில் தறிச்சத்தம் கேட்டு வளரும் பிள்ளைக்குக்கூட, அம்மாவின் பட்டுச்சேலையில் கரையும் உடலும் எப்படிச் சேர்ந்தன என்று தெரிவதில்லை. அதனால் கரையையும் உடலையும் தனித்தனி நூலால் நெய்து, சந்திக்கும் இடத்தில் கோத்து இணைக்கும் கோர்வையைத்தான் நான் கற்றுக்கொடுக்கிறேன்.

முதலில் ஒரு பழைய கோர்வைச் சேலையைக் கொண்டுபோய் மேசையில் விரியுங்கள். கரை அரக்கு, உடல் பச்சை. குறுக்கே போகும் ஊடை நூல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே ஓட்டமாக ஓடினால் நிறம் இப்படிப் பிரியாது. எனவே ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடா மூன்று வேண்டும்: இரு கரைக்கு இரண்டு, உடலுக்கு ஒன்று. ஒருவரால் மூன்றையும் ஓட்டுவது கடினம் என்பதால் பக்கத்தில் துணையாள் உட்காருவார். ஒரு காலத்தில் அந்த இடத்தில் பள்ளிக்குப் போகவேண்டிய சிறுவர்கள் உட்கார்ந்திருந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் எதிரில் இருப்பவர்களுக்கும் அதே வயதுதான்.

சரி, தறிக்கு வருவோம். கெட்டி அட்டையின் மேலும் கீழும் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் 19 வெட்டுகள் போட்டு, முறுக்கான பருத்தி நூலைப் பாவாக, அதாவது நெடுக்கு நூலாக, சுற்றுங்கள். பாவு தளர்ந்திருந்தால் பிறகு எதுவும் சரிவராது. விரலால் சுண்டிப் பாருங்கள். ஊடைக்கு இரண்டு நிறக் கம்பளி நூல், முனை மழுங்கிய ஊசி, நெருக்க ஒரு சீப்பு. அவ்வளவுதான்.

இரண்டு இரண்டு பேராக உட்காரவைத்து, முதல் பாடவேளையில் ஒரே நிறத்தில் ஒன்றுவிட்டு ஒன்று நெய்யச் சொல்லுங்கள். எல்லோருக்கும் நடுப்பகுதி ஒடுங்கும். நூலை இழுத்துப் பிடிக்காமல் வில்போல வளைத்து வைத்துச் சீப்பால் தட்டினால் அகலம் நிற்கும்.

அடுத்து கோர்வை. இடக்கரைக்கு 5 பாவு, உடலுக்கு 9, வலக்கரைக்கு 5. இடக்கரை நூல் வலப்பக்கமாக ஐந்தாவது பாவுவரை வந்து நிற்கட்டும். உடல் நூல் எதிர்ப்பக்கமிருந்து ஆறாவதுவரை வரட்டும். இரண்டும் சந்திக்கும் இடைவெளியில் ஒன்றையொன்று கொக்கிபோல் கோத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பவேண்டும். வலக்கரையில் இந்தச் சந்திப்பு அடுத்த வரிசையில் நடக்கும். ஐந்தாவது பாவுக்கு மேலே நூல் போனால், அதே வரிசையில் ஆறாவதுக்குக் கீழே போகவேண்டும். இதை மட்டும் கூர்ந்து கவனியுங்கள். கோக்காமல் திரும்பியவர்களின் துணியை வெளிச்சத்தில் பிடித்தால் கரையோரம் நீளமாக ஒரு கீறல் தெரியும். கோர்வை எதற்கு என்று அப்போது அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கை பழகியதும் இரண்டு வரிசைக்கு ஒரு பாவு வீதம் கரையை உடலுக்குள் நகர்த்தி, மூன்று பாவு போனதும் அதேபோலப் பின்வாங்கச் சொல்லுங்கள். படிப்படியாக ஒரு முக்கோணம் எழும். கோபுரக் கரையின் அடிப்படை இதுதான். பிள்ளைகள் சத்தம் போடாமல் வேலை செய்வது இந்தக் கட்டத்தில்தான்.

முடிந்தால் நெசவாளர் ஒருவரின் வீட்டுக்கு அழைத்துப் போங்கள். ஆனால் அவருக்குக் கூலி நெய்த சேலைக்குத்தான். தறி நின்ற நேரத்துக்கு இல்லை. நெசவு நடக்காத, புதுப் பாவைப் பழைய பாவோடு பிணைக்கும் நாளாகப் பார்த்துக் கேளுங்கள், அல்லது அந்த அரைநாள் கூலியைப் பள்ளியிலிருந்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.