ஸ்கோப் வாங்கும் முன் ஒரு வகுத்தல் கணக்கு
துப்பாக்கியில் பொருத்தும் 1-6, 1-8, 1-10 ஸ்கோப்களில் (இலக்கை 1 மடங்கிலிருந்து 6, 8 அல்லது 10 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டுபவை) எதை எடுப்பது என்று குழம்பினால், முன்லென்ஸின் விட்டத்தை அதிகபட்ச உருப்பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். விடை 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால், த்ரீ-கன் (ரைஃபிள், பிஸ்டல், ஷாட்கன் மூன்றாலும் சுடுவது) மாதிரி இடம் மாறி மாறிச் சுடும் போட்டிகளுக்கு அது வேண்டாம்.

இந்த வகை ஸ்கோப்களில் முன்லென்ஸ் பெரும்பாலும் 24 மி.மீ. தான். 6 மடங்கில் விடை 4, 8-இல் 3, 10-இல் 2.4. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. கற்றை ஒல்லியானால் தலை இம்மி நகர்ந்தாலும் காட்சி கறுத்துவிடும். தடுப்பின் ஓட்டை வழியே உடம்பை வளைத்துக் குறிபார்க்கும்போது பெரிய தொல்லை. மாலை வெளிச்சத்தில் மங்கலாகவும் தெரியும். 1-10-க்கு விலையும் கூட, அது வேறு.

நல்ல வெயிலில், படுத்தபடி தூர இலக்கை நிதானமாகச் சுடுபவருக்கு 2.4 போதும். 1 மடங்கில் இந்தக் கணக்கு செல்லாது: விடை 24 என்று வரும், உள்ளிருக்கும் லென்ஸ்கள் அவ்வளவு அகலம் விடாது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அங்கே ஸ்கோப்புக்கே அனுமதி கிடையாது.