சிலம்பை மேடையில் கையாளும் விதம்

கண்ணகி கதையை இன்றைய நாடகமாக்கும் குழுக்கள் பணத்தையும் மூளையையும் மதுரை எரியும் காட்சியில் கொட்டுகின்றன. கதை நிற்பதோ சிலம்பில்.

அதற்குப் பதிலாகச் சலங்கையைக் கட்டிவிடாதீர்கள். சலங்கையில் மணிகள் வெளியே தெரியும். சிலம்பு உள்ளே கூடான வளையம்; ஒலிப்பது உள்ளிருக்கும் பரல், அதாவது சிறு மணிகள். வழக்கின் முடிச்சும் அதுதான்: அரசியுடையதில் முத்து, கண்ணகியுடையதில் மாணிக்கம். ஆகவே இரண்டையும் ஒரே அச்சில் செய்து, ஓசையை மட்டும் மாற்றுங்கள். ஒன்றில் குன்றிமணி, மற்றதில் சைக்கிள் பேரிங் குண்டு போட்டால் கடைசி வரிசைக்கும் வித்தியாசம் கேட்கும்.

முதல் காட்சியில் கண்ணகி நடக்கும்போதெல்லாம் அது ஒலிக்கட்டும். கோவலன் மாதவியிடம் போனதும் நிறுத்துங்கள். ‘அஞ்செஞ் சீறடி அணிசிலம்பு ஒழிய’ என்று காப்பியமே சொல்கிறது. அந்த மௌனத்துக்குத் தனி வசனம் வேண்டாம்.

வழக்குரை காதையில் பலரும் சறுக்குவார்கள். கண்ணகி உடைப்பது தன் கையிலிருப்பதை அல்ல, கோவலனிடம் பறித்து அரசன் முன் வைத்ததை. அதை உடைத்தால்தானே வழக்கு தீரும்? காவலர் கொண்டுவருவது காகிதக் கூழில் செய்ததாக இருக்கட்டும். இரு பாதிகளை மைதா பசையால் லேசாக ஒட்டி, பொன்வண்ணம் பூசுங்கள். பித்தளை உடையாது, பார்வையாளர் காலடிக்கு உருண்டு போகும். ஒத்திகைக்கும் சேர்த்து ஐந்தாறு செய்யுங்கள். சிவப்புக் கண்ணாடி மணிகளை நைலான் நூலில் கோத்துவிடுங்கள். சிதறினால் வெறுங்காலில் நிற்பவர்கள் வழுக்கி விழுவார்கள். அரசன் வாயில் தெறிக்கும் மணிக்கு, அந்த நடிகர் ஒன்றை உள்ளங்கையில் ஒளித்திருந்தால் போதும்.

‘யாரையோ நீ’ என்று அரசன் கேட்க, அவள் ஊரையும் கணவன் குலத்தையும் அவனுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் ‘கண்ணகி என்பது என் பெயரே’ என்கிறாள். அப்போது கைச்சிலம்பு குலுங்கக் கூடாது. வளையத்தைக் கிடையாகப் பிடித்தால் பரல் அசையாது. கையை உயர்த்துவதும் பெயருக்குப் பிறகுதான். 1968 முதல் மெரினாவில் நின்று, 2001இல் அகற்றப்பட்டு, 2006இல் திரும்பி வந்த சிலையின் கோலம் எல்லார் மனத்திலும் இருக்கிறது. அதை முதலிலேயே காட்டினால் புகாரின் வணிகர் மகள் காணாமல் போய்ச் சிலைதான் வழக்காடும்.

சிவப்பு விளக்கைத் தீக்காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவையில் போட்டால் மாணிக்கம் வெளிறி முத்துப்போலத் தெரியும், பாண்டியன் வழக்கில் ஜெயித்துவிடுவான்.